கடவுளுக்கு இரத்தமா தேவைப்பட்டது?

பிள்ளை, உம்முடைய கடிதம் கிடைத்தது. மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர். இந்தப் பதிலை வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்றபடியால் அவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: "யேசு எங்கட பாவங்களுக்காகச் செத்தவர் எண்டு நீங்கள்தான் மாஸ்டர் வகுப்பில சொல்லித் தந்தனீங்கள். மகனைக் கொல்லக் குடுத்தால்தான் மன்னிப்பன் எண்டால் அவர் என்ன தகப்பன்? அவருக்கு இரத்தமோ தேவைப்பட்டது?" இரண்டாவது: வீட்டுக்கு வந்து செபித்த ஒரு போதகர், 2009 இல் வன்னிப் போரின் முடிவில் எங்கள் சனம் அழிந்தது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிரவு அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டா என்று எழுதியிருந்தீர். மூன்றாவது: பெரிய வெள்ளியன்று, காணாமல்போன அண்ணாவின் படத்தைச் சிலுவையடியில் வைக்க அம்மா ஆசைப்படுகிறா. இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத ஒருவரின் படத்தை அப்படி வைக்கக்கூடாது என்று ஊரில் யாரோ தடுத்திருக்கிறார்கள். வைக்கலாமா?

முப்பது வருடங்களுக்கு மேல் எங்கள் பங்கில் மறைக்கல்வி படிப்பித்தவன் நான். "நம் பாவங்களுக்காக இறந்தார்" என்ற வசனத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடமாக்கிக் கொடுத்தேன். அந்த "ஆக" என்ற இரண்டெழுத்துக்குள் என்ன கிடக்கிறது என்று ஆறுதலாக இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் கடன். பதில் நீளும், பொறுமையாக வாசியும்.

"கிறிஸ்துவின் பாடுகள்" என்று நாங்கள் சொல்கிறோமே, அந்தப் "பாடு" என்ற சொல்லைக் கவனியும். அது ஆலயத்துக்கென்று செய்த சொல் இல்லை, எங்கள் குசினியில் புழங்குகிற சொல். "என்ன பாடுபட்டு இதுகளை வளர்த்தன்" என்று உம்முடைய அம்மா சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். மெனிக்பாம் அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றது, மீளக்குடியேறிய பிறகு வெயிலில் அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு மிளகாய் பிடுங்கியது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். வலியும் அதில் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது, யாருக்காக என்பதும் இருக்கிறது. ஆனால் அம்மா பட்ட வலிதான் உங்களை வளர்த்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீரா? வளர்த்தது அம்மா. உங்களைக் கைவிடமாட்டேன் என்று நின்றா. அப்படி நின்றதால் வலியும் கூட வந்தது.

சிலுவையைப் பற்றி எனக்கு விளங்கியதெல்லாம் இந்த இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. யேசு எவ்வளவு வேதனைப்பட்டார் என்று அளந்து, அந்த அளவுக்கு எங்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது என்று கணக்குப் பார்த்தால், உம்முடைய கேள்விக்குப் பதிலே இல்லை. அப்படியொரு கடவுள் இருந்தால் நானும் அவரைக் கும்பிடமாட்டேன். அவர் பட்டது பாடு.

சரி, அந்தச் சாவு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். சிலுவையைக் கழுத்துச் சங்கிலியில் போட்டுப் பழகிவிட்டோம். உரோமைப் பேரரசில் அது அடிமைகளுக்கும், குடியுரிமை இல்லாதவர்களுக்கும், கலகக்காரருக்கும் வைத்திருந்த தண்டனை. கி.மு. 71 இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைக் கிளர்ச்சியை அடக்கியபோது, பிடிபட்ட ஏறத்தாழ 6,000 பேரைக் கப்புவாவில் இருந்து உரோமை நகர் வரைக்கும் வீதி நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டும், அதுதான் நோக்கம். உடுப்பைக் கழற்றி, ஊருக்கு வெளியே தொங்கவிடுவார்கள். உயிர் போக ஒரு நாளும் எடுக்கும், இரண்டு நாளும் எடுக்கும். உடலைப் பெரும்பாலும் சொந்தக்காரருக்குக் கொடுப்பதில்லை. காகமும் நாயும் தின்ன விட்டுவிடுவார்கள். யூதருக்கு அதைவிட ஒரு படி மேலான அவமானம் இருந்தது: மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்று இணைச்சட்ட நூல் சொல்கிறது. அரசும் தள்ளி, கடவுளும் தள்ளிய ஆள் என்று பெயர் வாங்கிக்கொண்டு சாகிற சாவு அது. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்துவின் காலத்தில் நாசரேத்து ஊர்த் தச்சனுக்குக் கொடுத்த சாவு அதுதான்.

உரோமையின் பலத்தீன் குன்றில் 1857 இல் ஒரு சுவர்க்கீறலைக் கண்டெடுத்தார்கள். கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கையுயர்த்திக் கும்பிடுகிறான். "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் கீறிவைத்திருக்கிறது. சிலுவையில் செத்த ஒருவனைக் கடவுள் என்று சொல்வது அந்தக் காலத்தில் அவ்வளவு கேலிக்குரியது. கிறிஸ்தவர்கள்கூட முதல் நூற்றாண்டுகளில் சிலுவையில் தொங்கும் யேசுவை வரைந்ததாக அநேகமாகக் காணோம். உரோமையின் சாந்தா சபீனா ஆலயத்து மரக்கதவில் உள்ள செதுக்கல் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதுவே 5 ஆம் நூற்றாண்டு. அதற்கு முன்னரே சிலுவைத் தண்டனை ஒழிந்துவிட்டது. கண்ணால் கண்ட தலைமுறைக்கு அதை வரைய மனம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 2009 இன் நாட்களை எங்களில் யார் படமாக வீட்டில் மாட்டியிருக்கிறோம்?

இனி "பாவங்களுக்காக" என்ற சொல்லுக்கு வருகிறேன். வானத்தில் நடந்த ஏதோ கொடுக்கல் வாங்கலைத் தேடப் போகமுதல், அந்த வெள்ளிக்கிழமை எருசலேமில் என்ன நடந்தது என்று பாரும். யூதாசு 30 வெள்ளிக்காசு வாங்கினான். "ஒருவன் சாவது முழு இனமும் அழிவதைவிட நல்லது" என்றார் தலைமைக்குரு கயபா. குற்றமில்லை என்று தெரிந்துகொண்டே பிலாத்து கையைக் கழுவினான். முந்தின கிழமை குருத்தோலை பிடித்த ஊர், சத்தம் எழுந்த பக்கம் சாய்ந்தது. பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்று அவரைத் தெரியாது என்றார். படைவீரர் உடுப்புக்குச் சீட்டுப் போட்டார்கள். இவர்களில் ஒருவர்கூட அசுரர் இல்லை. காசு, பயம், பதவி, சோம்பல், கூட்டத்தோடு ஒத்துப்போவது, "நான் என்ன செய்ய, மேலிடத்துக் கட்டளை" என்பது. இந்தச் சின்னச் சின்னச் சாமான்களை வைத்துத்தான் ஒரு கொலையைக் கட்டினார்கள். என் பாவம் அவரைக் கொன்றது என்று நான் சொல்லும்போது, 2,000 வருடத்துக்கு முன் நடந்ததற்கு வீணாகப் பழியேற்கவில்லை. அதே சாமான்கள் என் வீட்டிலும் இருக்கின்றன. (யூதர்களே கொன்றார்கள் என்று பழிபோட்டு ஒரு மக்களையே நூற்றாண்டுகளாக வதைத்தது திருச்சபை வரலாற்றின் பெரும் பாவம். அந்தப் பழியை யூத மக்கள்மீது சுமத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் எழுத்தில் சொன்னது.)

கயபாவின் வசனத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பதுண்டு. முழு இனத்துக்காகச் சிலர் சாகலாம் என்ற பேச்சை வன்னியில் நாங்கள் எல்லாப் பக்கத்தில் இருந்தும் கேட்டோம். நாங்களும் தலையாட்டினோம். எங்கள் பிள்ளையின் பெயர் வரும்வரைக்கும் தலையாட்டினோம்.

அப்படியானால் இரத்தம்? உம்முடைய கேள்வியை 4 ஆம் நூற்றாண்டிலேயே ஒரு புனிதர் கேட்டுவிட்டார். நாசியான்சு நகர்க் கிரகோரியார், உயிர்ப்புப் பெருவிழா மறையுரை ஒன்றில் கேட்கிறார்: இந்த இரத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது? சாத்தானுக்கு என்றால் அது பெரிய அவமானம், கொள்ளைக்காரனுக்குக் கூலி கொடுத்த மாதிரி. தந்தைக்கு என்றால், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுவந்தபோது அதை ஏற்காமல் ஆட்டுக்கடாவைக் காட்டியவர், தன் சொந்த மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார்? ஆகவே இப்படிக் கேட்பதற்கு நீர் பயப்பட வேண்டாம். விசுவாசம் குறைந்தபடியால் வந்த கேள்வி இல்லை இது.

பழைய ஏற்பாட்டில் பலி என்பதை எங்கள் ஊரில் கிடாய் வெட்டுகிற மாதிரி நினைத்துக்கொள்கிறோம், கோபமான தெய்வத்துக்கு ஏதாவது கொடுத்துத் தணிப்பது என்று. லேவியர் நூல் வேறு விதமாகச் சொல்கிறது: உயிர் இரத்தத்தில் இருக்கிறது. இரத்தத்தைக் கொடுப்பது என்றால் உயிரைக் கொடுப்பது. பலிபீடத்தில் தெளிக்கும் இரத்தம், மனிதன் பிரித்துக்கொண்டு போன உறவை உயிரால் திரும்பக் கட்டுவதற்கான அடையாளம். அதையும் அந்த மக்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தவர் கடவுள்தான் என்று அந்த நூலே சொல்கிறது. "என் குற்றத்துக்காக என் தலைச்சன் பிள்ளையைக் கொடுக்கவா?" என்று ஒருவன் கேட்பதாக மீக்கா இறைவாக்கினர் எழுதுகிறார். அதற்கு வரும் மறுமொழி: நீதியைச் செய், இரக்கத்தை விரும்பு, உன் கடவுளோடு தாழ்மையாய் நட. பிள்ளையைக் கேட்கிற கடவுள் அங்கே இல்லை.

பிறகு ஏன் திருமகன் சாகவேண்டி வந்தது? இதற்குப் பல நூற்றாண்டுகளாக அறிஞர்கள் பல வழியில் விளக்கம் சொன்னார்கள். புனித அன்செல்ம் 1098 அளவில் எழுதியபோது, கடவுளின் மாண்புக்கு மனிதன் வருவித்த குறையை மனிதனாலும் ஈடுசெய்ய முடியாது, மனிதன் அல்லாதவர் செய்வதும் பொருந்தாது, அதனால் கடவுளே மனிதரானார் என்றார். பிரபுக்களும் குடிகளும் இருந்த அவருடைய காலத்தவருக்கு அந்த மொழி விளங்கியது. அடுத்த தலைமுறையில் அபேலார்டு, எங்கள் கல்நெஞ்சை இளக்கும் அன்பின் வெளிப்பாடே சிலுவை என்றார். 16 ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர், எங்களுக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்பதை முன்னுக்கு வைத்தார்கள். உம்முடைய மனதில் முள்ளாகக் குத்துவது இந்தக் கடைசி விளக்கத்தின் ஒரு மலிவான வடிவம். இவற்றில் ஒன்றை எடுத்து இதுதான் சரி, மற்றவை பிழை என்று திருச்சபை ஒருநாளும் வரையறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சொல்லும் விசுவாச அறிக்கையில் இருப்பது, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் "நமக்காக" சிலுவையில் அறையப்பட்டார் என்பது மட்டும். திரும்பவும் அந்த "ஆக" தான்.

எனக்குப் பிடித்த விளக்கம் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் இருக்கிறது. எங்களுக்கு எதிராக இருந்த கடன் பத்திரத்தை அழித்து, அதைச் சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்கிறது. எங்கள் ஊர்க் கடைகளில் கடன் கொப்பி ஒன்று தொங்குமே, நூலில் கட்டிய பென்சிலோடு, அதை நினைத்துக்கொள்ளும். மீளக்குடியேறின காலத்தில் எங்கள் சந்தியில் ஒரு கடைக்காரர் இருந்தார். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கடனுக்குக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து, புருசன் இல்லாத ஐந்தாறு வீடுகளின் பக்கங்களைக் கொப்பியில் இருந்து கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார். எங்களுக்குப் பெரிய சந்தோசம். பிறகுதான் கேள்விப்பட்டோம், அந்த வருடம் அவர் தன் மோட்டார் சைக்கிளை விற்று மொத்த வியாபாரிக்குக் காசு கட்டினார் என்று. பக்கத்தைக் கிழித்தாலும் நட்டம் எங்கேயும் போய்விடாது, கிழித்தவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருக்கு நட்டம் வேண்டும் என்று ஆசையா? இல்லை. அந்த வீடுகளைத்தான் அவர் விரும்பினார்.

கடவுள் மன்னிக்கிறார் என்றால் இதுதான் நடக்கிறது. இங்கே கோபக்காரத் தகப்பன் ஒரு பக்கம், அடிவாங்கும் மகன் மறுபக்கம் என்று இரண்டு ஆட்களை வைத்துப் பார்த்தீரென்றால் எல்லாம் குழம்பிப்போகும். கடவுள் கிறிஸ்துவில் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல். "என் உயிரை என்னிடமிருந்து யாரும் பறிப்பதில்லை, நானாகவே கொடுக்கிறேன்" என்கிறார் யோவான் நற்செய்தியில் யேசு. கொடுப்பவரும் கடவுள், கொடுக்கப்படுபவரும் கடவுள். நட்டத்தை வேறொருவன் தலையில் கட்டாமல் தன் வீட்டுக்குள் எடுத்தவர் அவர். எங்கள் சைவ அயலவர்களுக்கு இதைச் சொல்லும்போது நான் திருநீலகண்டரைச் சொல்வதுண்டு. எல்லோரையும் அழிக்கக் கிளம்பிய நஞ்சைத் தான் எடுத்து விழுங்கிய கடவுள் என்றால் அவர்களுக்கு உடனே பிடிபடும். அங்கே நஞ்சு கண்டத்தில் நின்றது, இங்கே உள்ளே இறங்கி ஆளைக் கொன்றது. அந்த வேறுபாட்டையும் சொல்லிவிடுவேன்.

அது உள்ளே எவ்வளவு தூரம் இறங்கியது என்பதற்கு ஒரே சாட்சி அந்தக் கூக்குரல்: "என் கடவுளே, என் கடவுளே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" மாற்கு தன் நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதினாலும் இந்த வரியை யேசு பேசிய அரமாயிக்கிலேயே விட்டுவைத்தார்: எலோயி, எலோயி, லெமா சபக்தானி. தாய்மொழியில் வந்த ஒப்பாரி அது. 22 ஆம் திருப்பாடலின் முதல் வரி. யூதப் பிள்ளைகள் மடியில் இருந்தே கேட்டு வளர்ந்த பாட்டு. ("சிலுவை" என்ற எங்கள் சொல்லே அரமாயிக்கின் கிளையான சிரிய மொழியில் இருந்து வந்ததுதான்.) கடவுளைப் பார்த்து ஏன் என்று கேட்பது பாவம் என்று அம்மாவுக்கு யாராவது சொன்னால், திருமகனே கேட்டார் என்று சொல்லும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அந்தப் போதகர் சொன்னது பிழை. மரியாதையாகச் சொல்லிச் சமாளிக்க எனக்கு மனமில்லை, பெரிய பிழை. அதை மறுத்தவர் யேசுவே. லூக்கா 13 ஆம் அதிகாரத்தை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டும். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைக் கொண்டுவருகிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த கதையும் வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, "இல்லை" என்று அவரே சொல்கிறார். அரசு கொன்றதற்கும் இல்லை, கட்டடம் இடிந்ததற்கும் இல்லை. செத்தவனின் பாவத்தைத் தேடுவது அவருடைய வழி இல்லை. இருக்கிற நாங்கள் மனம்மாற வேண்டும் என்று மட்டும் சொன்னார். சிலுவையில் தொங்கின அவரைப் பார்த்தும் சனம் அதைத்தானே சொன்னது, கடவுளுக்கு இவனில் விருப்பம் இருந்தால் காப்பாற்றட்டும் என்று? அந்தப் போதகர் தெரியாமல் அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்றுவிட்டார்.

எதிர்ப்பக்கத்துப் பிழை ஒன்றும் இருக்கிறது, அது எங்கள் ஆட்களே செய்வது. முள்ளிவாய்க்கால் எங்கள் கல்வாரி, செத்தவர்கள் எங்களுக்கு மீட்புக் கொண்டுவந்தார்கள் என்று மேடையில் பேசுவது. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தைகள் யாருக்காகவும் சாகச் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய சாவை நல்லதாக்கிக் காட்ட எங்களுக்கு உரிமை இல்லை. யேசு சிலுவையைத் தெரிந்து எடுத்தார். அவர்கள்மேல் அது விழுந்தது. அதேபோல, குடித்துவிட்டு அடிக்கிற புருசனோடு இருக்கிற பெண்ணிடம் "அது உன் சிலுவை, சுமந்துகொள்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆலய வாசலில் நானே கேட்டிருக்கிறேன். தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பின்செல்லட்டும் என்று யேசு சொன்னது, அன்புக்காகவும் உண்மைக்காகவும் நிற்பதால் வருகிற பாடுகளைப் பற்றி. அடிக்கிறவன் கையில் தடியை எடுத்துக் கொடுக்கிற வசனம் இல்லை அது. வெளியேறலாம் என்று தெரிந்தும் மக்களோடு கடைசிவரை நின்று 2009 மே 18 ஆம் திகதி உயிர்விட்ட அருட்தந்தை சரத்ஜீவன் தூக்கினது சிலுவை. அந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் செலவழிக்கக்கூடாது.

அப்படியென்றால் செத்த எங்கள் சனத்துக்கும் சிலுவைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

2009 இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 10 ஆம் திகதி வந்தது. மன்னார்ப் பக்கத்தில் இருந்து வெளிக்கிட்டு முழங்காவில், கிளிநொச்சி, தருமபுரம், உடையார்கட்டு, இரணைப்பாலை என்று தள்ளுப்பட்டு, அந்த நாட்களில் வலைஞர்மடத்து மணலில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். பின்னேரம் ஷெல் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பத்துப் பன்னிரண்டு பேர் பதுங்குகுழி வாசலில் கூடினோம். சிலுவை ஒன்றும் இல்லை. தறப்பாளுக்கு வைத்திருந்த தடிகளில் இரண்டை எடுத்து, மண்மூட்டை தைக்கக் கிழித்த சேலையின் கரையால் குறுக்கே கட்டி மணலில் நட்டேன். பாடுகளின் வரலாற்றை நினைவில் இருந்த மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். "தாகமாய் இருக்கிறது" என்ற இடம் வந்ததும் ஒரு வயதான அம்மா எழும்பிப் போனா. மூன்று நாளுக்கு முதல் மகளை அந்த மணலிலேயே புதைத்தவ. மனம் வெறுத்துப் போகிறா என்று நினைத்தேன். ஒரு பால்மா ரின்னில் தண்ணீரோடு திரும்பி வந்தா. மணலில் தோண்டிய கிடங்கில் ஊறின உவர்த் தண்ணீர், அதுவும் வரிசையில் நின்று எடுத்தது. குனிந்து தடியின் அடியில் ஒரு மிடறு ஊற்றினா. மணல் உடனே உறிஞ்சிவிட்டது. மிச்சத்தைப் பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பருக்கினா. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு எல்லோரும் போய் அந்தத் தடியை முத்தி செய்தோம். சேலைக்கரை பச்சை நிறம், வெள்ளைக்கோடு போட்டது. இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

முப்பது வருடம் நான் படிப்பித்ததை அவ ஒரு மிடறு தண்ணீரில் செய்துவிட்டுப் போனா. தனக்கும் தாகம், அவருக்கும் தாகம். தண்டிக்கிறவன் பக்கத்தில் கடவுள் இருக்கிறார் என்று அவ நினைத்திருந்தால் அந்தத் தண்ணீரை ஊற்றியிருக்கமாட்டா. எங்கள் சனம் செத்த இடத்தில் கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்டால், என்னிடம் இருக்கிற பதில் அவ ஊற்றின இடம்தான்.

இதோடு நிறுத்தினால் யேசுவும் செத்தவர்களில் ஒருவர் என்று முடிந்துவிடும். செத்தவரைத் தந்தை எழுப்பினார் என்பதுதான் எங்கள் விசுவாசத்தின் நடுத்தூண். அது இல்லை என்றால் நம் விசுவாசம் வீண் என்று பவுலே சொல்கிறார். கயபாவும் பிலாத்துவும் எழுதின தீர்ப்பைக் கடவுள் கிழித்துப்போட்டார். உயிர்த்தவரின் உடலிலே காயங்கள் இருந்தன என்பதையும் கவனியும். தோமாவிடம் கையையும் விலாவையும் காட்டினார். நடந்ததை மறந்துவிடுங்கள், முன்னுக்குப் போங்கள் என்று எங்களுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, உயிர்ப்பு அந்த மாதிரி மறதி இல்லை. அதேபோல மன்னிப்பும். "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று யேசு தன்னை அறைந்தவர்களுக்காகக் கேட்டார். வேறொரு தாயைப் பார்த்து, நீ மன்னித்துவிட்டுப் பேசாமல் இரு என்று அவர் சொன்னதாக நற்செய்தியில் எங்கும் இல்லை. அம்மாவுக்கு அந்த நாள் வந்தால் வரட்டும். அதைப் பிடித்துத் தள்ளுவது எங்கள் வேலை இல்லை.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: வைக்கலாம்.

அண்ணா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததுதான் தடை என்றார்களாம். நான்கு நற்செய்திகளும் யேசுவின் உடல் எங்கே போனது என்று எவ்வளவு கவனமாகச் சொல்கின்றன என்று பாரும். அரிமத்தியா யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டார். நிக்கதேம் நறுமணப்பொருள் கொண்டுவந்தார். மகதலா மரியா கல்லறைக்கு எதிரே இருந்து எந்த இடம் என்று பார்த்துவைத்தா. எருசலேமில் 1968 இல் தோண்டியபோது ஒரு எலும்புப் பெட்டி கிடைத்தது. யெகோகனான் என்று பெயர் எழுதியிருந்தது. குதிகால் எலும்பில் ஆணி அப்படியே இருந்தது. ஆணியின் முனை வளைந்துபோனதால் அதைக் கழற்ற முடியாமல் ஆணியோடேயே எடுத்து வைத்திருக்கிறார்கள். சிலுவையில் செத்த அந்தப் பிள்ளையின் உடலை யாரோ கேட்டு வாங்கி, பெயர் எழுதி வைத்தார்கள். எங்கே என்று கேட்பது வேதத்துக்குப் புறம்பானது இல்லை. எங்கள் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையும் அதைத்தான் செய்தார். அரசின் கணக்குகளையே கூட்டிக்கழித்து, போரின்போது வன்னியில் இருந்தவர்களில் 146,679 பேர் எங்கே என்று 2011 இல், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த ஆணைக்குழு முன் கேட்டார். அவர் 2021 ஏப்ரல் 1 ஆம் திகதி காலமானார். அன்று பெரிய வியாழன்.

இனி நடைமுறை. பெரிய வெள்ளியன்று பீடம் வெறுமையாக இருக்கும், அதனால் பீடத்தில் எதையும் வைக்கமுடியாது. பங்குத்தந்தையிடம் நேற்றுப் பின்னேரம் போய்க் கேட்டேன். காலையில் நடக்கும் சிலுவைப்பாதையில் படத்தைக் கொண்டுவரலாம் என்றார். முடிவில் பெரிய சிலுவையடியில் வைத்துவிட்டு, மூன்று மணி வழிபாடு முடிந்த பிறகு எடுத்துக்கொண்டு போகலாம். வேறு அம்மாமார் கேட்டாலும் அவர்களுடையதையும் வைப்போம், இடம் இருக்கிறது. கண்ணாடி போட்ட படம் என்றால் துணியில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லும், வெயிலில் கையைச் சுடும். அம்மாவுக்கு முழங்கால் நோவு என்று தெரியும், முழுத்தூரமும் நடக்கவேண்டாம். யேசு தன் தாயைச் சந்திக்கும் நாலாம் தலம் பாடசாலை மதிலுக்குப் பக்கத்தில், பாலை மரத்தடியில் வருகிறது. அங்கே ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். ஏழு மணிக்கு முதல் வந்து இருக்கச் சொல்லும்.